கருனி நிரற்றொகுதியில் தலைப்புக் கோப்புக்களின் வைப்புமுறை

முன்னுரை

நூலொன்றை ஆராய்வார், அதன்கண் உள்ள பொருளை ஆராய்வதோடு, அப்பொருள் வைக்கப்பெற்ற முறையையும் ஆராய்தல் நம்மிடை நெடுங்கால வழக்கு. எதனை முன்னர்க் கூறினார், எதனைப் பின்னர்க் கூறினார், முன்னர்க் கூறியதைக் கொண்டு பின்னதை எங்ஙனம் சுருக்கினார் என்னும் வினாக்களுக்கு உரையாசிரியர்கள் தந்த இடம் சிறிதன்று. இவ்வினாக்களையே கணினிக்கென எழுதப்பெறும் நிரல்களிடத்தும் எழுப்புதல் கூடும். பலர் கூடிப் பல்லாண்டுகளாக எழுதிவரும் பெருநிரலொன்றில், வைப்புமுறை பிழைபடின் விளையும் இடர்ப்பாடு மிகப் பெரிது. அத்தகைய நிரல் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதன்கண் அமைந்த தலைப்புக் கோப்புக்களின் வைப்புமுறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்டது லினக்ஸ் என்னும் இயக்க முறைமையின் கருனி. கெர்னல் எனவும் வழங்கும் கருனியாவது, கணினியின் செயலி, நினைவகம், வட்டு, வலையிணைப்பு முதலியவற்றைத் தன் ஆட்சியிற் கொண்டு, அவற்றைப் பிற நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை நிரலாகும். 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் முதற்பதிப்பை வெளியிட்டார். அப்பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளைக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 2 கோடியே 70 இலட்சம் வரிகளைக் கடந்து நின்றது. ஒருவர் உள்ளத்தில் முழுதும் அடங்கிய நூல், எவர் உள்ளத்திலும் முழுதும் அடங்காத நூலாயிற்று. தலைப்புக் கோப்புக்களைப் பற்றிய சிக்கல்கள் பலவற்றிற்கும் இவ்வளர்ச்சியே மூலம் என்பது பின்னர் விளங்கும்.

1. தலைப்புக் கோப்பின் இயல்பு

கருனியின் பெரும்பகுதி சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்றது. இம்மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் ஆக்கினார். இம்மொழியில் எழுதிய நிரலைச் செயலி அறியும் குறியீடுகளாக மாற்றித் தருவது தொகுப்பி. அதனைக் கம்பைலர் என்பர். தொகுப்பியின் இயல்புகள் இரண்டினை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று, அது நிரற்கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து மேலிருந்து கீழாகப் படிக்கும். மற்றொன்று, ஒரு பெயரை ஆளுமுன், அப்பெயர் எத்தகைய பொருளைக் குறிக்கும் என்பது அதற்கு அறிவிக்கப்பெற்றிருத்தல் வேண்டும்.

ஒரு கோப்பில் இயற்றிய செயற்கூறு ஒன்றனை நூறு கோப்புக்கள் ஆளுமாயின், அதன் அறிவிப்பை நூறிடங்களில் எழுதுதல் வீண்முயற்சி. ஓரிடத்தில் மாற்றிப் பிறவிடங்களில் மறந்தாற் கேடும் விளையும். ஆதலின் பொது அறிவிப்புக்களை ஒரு கோப்பில் தொகுத்து வைத்து, வேண்டுவார் தம் கோப்பின் தலைப்பகுதியில் ‘இன்க்ளூட்’ என்னும் ஆணையால் அதனை அழைத்துக்கொள்வர். இவ்வாறு அழைக்கப்பெறுவதே தலைப்புக் கோப்பு. நிரலாளர் வழக்கில் ஹெட்டர். அழைத்தவுடன், முன்செயலி என்னும் உறுப்பு அக்கோப்பின் எழுத்து முழுவதையும் அவ்விடத்தில் பெய்துவிடும். வேண்டுவது இது, வேண்டாதது இது எனப் பகுத்தறிந்து எடுத்தல் அதன் தொழிலன்று.

தொல்காப்பியத்தின் முதல் இயலாகிய நூன்மரபு, குறில், நெடில், உயிர், மெய் முதலிய பெயர்களை முன்னர் வகுத்துக்கொள்ள, பின்வரும் இயல்கள் அப்பெயர்களை விளக்கமின்றி எடுத்தாளுகின்றன. தலைப்புக் கோப்பின் பயனும் ஏறத்தாழ இத்தகையதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நூன்மரபைக் கற்ற மாணாக்கன் அதனை உள்ளத்திற் கொண்டே ஏனைய இயல்களைக் கற்கின்றான். தொகுப்பியோ ஒரு கோப்பை முடித்தவுடன் கற்றது அனைத்தையும் மறந்துவிடும். அடுத்த கோப்புக்கு நூன்மரபை மீண்டும் முதலிலிருந்து ஓதுதல் வேண்டும். ஆயிரம் கோப்புக்கள் ஒரு தலைப்புக் கோப்பை அழைப்பின், அஃது ஆயிரம் முறை படிக்கப்பெறும். இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

தலைப்புக் கோப்பினுள் வருவன நால்வகைப்படும். செயற்கூறுகளின் பெயரும் அவை கொள்வன தருவனவும் கூறும் அறிவிப்புக்கள் முதலாவது வகை. பல உறுப்புக்களை ஒருங்கு சேர்த்து அமைக்கும் கட்டமைப்புக்களின் வரையறைகள் இரண்டாவது. மாறா எண்களும் மேக்ரோ எனப்படும் சுருக்கக் குறிகளும் மூன்றாவது. அழைத்த இடத்திலேயே விரித்து வைத்தற்குரிய சிறு செயற்கூறுகள் நான்காவது. இவற்றை இன்லைன் என்பர். முதல் வகை பிறவற்றை மிகுதியும் வேண்டாது. நான்காவது வகை, தான் ஆளும் பொருள் ஒவ்வொன்றின் முழு வரையறையையும் தன் முன்னே வேண்டி நிற்கும்.

2. மூவகைக் குற்றம்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதல் மூன்று குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்பன. தலைப்புக் கோப்புக்களில் நேரும் பிழைகளை இம்மூன்றனுள் அடக்கிக் காணலாம்.

கூறியது கூறலாவது, ஒரு தலைப்புக் கோப்பு வெவ்வேறு வழியாக ஒரே நிரற்கோப்பினுள் பன்முறை வந்து சேர்தல். ஒரு கட்டமைப்பின் வரையறை இருமுறை வரின் தொகுப்பி அதனைப் பிழையெனத் தள்ளும். இதனைத் தடுக்க, ஒவ்வொரு தலைப்புக் கோப்பின் தொடக்கத்திலும் ஓர் அடையாளப் பெயரை வைத்து, அப்பெயர் முன்னரே தோன்றியிருப்பின் எஞ்சிய பகுதியை விட்டுவிடுக எனப் பணிப்பர். இக்காவலால் பிழை நீங்கும், உழைப்பு நீங்காது. யுனிக்ஸ் முறைமையின் ‘பி.எஸ்.’ என்னும் நிரலை 1984ஆம் ஆண்டில் தொகுத்தபோது, ஒரே தலைப்புக் கோப்பு 37 முறை அழைக்கப்பெற்றமை காணப்பட்டது எனவும், அவற்றுள் 36 முறை படித்ததெல்லாம் வறிதே கழிந்தது எனவும் ராப் பைக் என்னும் அறிஞர் பின்னாளிற் குறித்துள்ளார்.

இக்குறையை நீக்க அவர் கூறிய வழி எளிது. தலைப்புக் கோப்பு பிறிதொரு தலைப்புக் கோப்பை அழைத்தலே ஆகாது என்று 1989ஆம் ஆண்டில் அவர் எழுதினார். எவ்வெவற்றை முன்னர் அழைத்தல் வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுதி வைத்தல் போதும். நிரலை எழுதுவார் அவ்வரிசைப்படி அழைத்துக்கொள்வார். சிறு தொகுதிக்கு இவ்விதி மிகப் பொருத்தமானது. ஆயினும் ஆயிரக்கணக்கான தலைப்புக் கோப்புக்கள் உள்ளவிடத்து, எழுதுவார் ஒவ்வொருவரும் அவற்றின் வரிசையை நினைவிற் கொள்ளுதல் இயலாது. ஆகவே லினக்ஸ் கருனியார் மறுதலை வழியை மேற்கொண்டனர்: ஒரு தலைப்புக் கோப்பு தனக்கு வேண்டியவற்றைத் தானே அழைத்துக்கொள்ளும்.

இவ்வழியின் பயன் எளிமை. இதன் விலை மிகைபடக் கூறல். ஒன்றை அழைக்க அது மூன்றை அழைக்கும்; அம்மூன்றும் ஒன்பதை அழைக்கும். சில வரிகளே உள்ள நிரற்கோப்பும், முன்செயலியின் வாயிலாக வெளிவருங்கால் பல்லாயிரம் வரிகளாக விரிந்து நிற்கும்.

குன்றக் கூறலாவது, ஒரு கோப்பு தான் ஆளும் பொருளுக்குரிய தலைப்புக் கோப்பைத் தான் அழையாது விடுதல். அங்ஙனம் விட்டால் தொகுப்பி உடனே பிழை காட்டுமன்றோ எனின், எப்போதும் காட்டாது. மிகைபடக் கூறல் குன்றக் கூறலை மறைத்துவிடும். தான் அழையாத கோப்பு, தான் அழைத்த வேறொன்றின் வழியே வந்து சேர்ந்துவிடின், குறை வெளிப்படாது ஒழியும். இவ்விரு குற்றமும் ஒன்றற்கொன்று துணையாய் நிற்றலே இப்பொருளில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது.

3. அடைவுகளின் பாகுபாடு

தலைப்புக் கோப்புக்கள் யார்க்கு உரியன என்னும் வினாவே அவற்றை எங்கு வைத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்கின்றது. முதற்பதிப்பில் ‘இன்க்ளூட்’ என்னும் அடைவினுள் லினக்ஸ், ஏ.எஸ்.எம்., சிஸ் என மூன்று உட்பிரிவுகள் இருந்தன. கருனிக்கே உரியன லினக்ஸ் பிரிவிலும், செயலியோடு நேரே தொடர்புடையன ஏ.எஸ்.எம். பிரிவிலும் வைக்கப்பெற்றன. அன்று கருனி இன்டெல் 386 வகைச் செயலியில் மட்டுமே இயங்கிற்று. ஆதலின் ஏ.எஸ்.எம். ஒன்றே போதியதாயிற்று.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த 1.2 பதிப்பு, ஆல்பா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய செயலி வகைகளுக்கும் இடந்தந்தது. செயலிக்கு ஒன்றாகப் பல ஏ.எஸ்.எம். அடைவுகள் தோன்றின. நிரலாளர் ஏ.எஸ்.எம். என்னும் பொதுப்பெயரால் அழைப்பர். தொகுக்குங்காலத்து அப்பெயர், தேர்ந்தெடுத்த செயலிக்குரிய அடைவைச் சுட்டுமாறு இணைக்கப்பெறும். எல்லாச் செயலிகளுக்கும் ஒத்த பகுதிகளை வைத்தற்கு ‘ஏ.எஸ்.எம். ஜெனரிக்’ என்னும் பொது அடைவு ஏற்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல், செயலிக்குரிய தலைப்புக் கோப்புக்கள் பொது அடைவை விட்டு நீங்கி, ‘ஆர்ச்’ அடைவினுள் அவ்வச்செயலியின் நிரல்கள் உள்ள இடத்திற்கே சென்று சேர்ந்தன. ஒரு செயலியைப் பற்றிய அனைத்தையும் ஓரிடத்திற் காண இம்மாற்றம் வழி செய்தது.

இதனினும் நுண்ணியது, அகத்தார்க்கும் புறத்தார்க்கும் இடையே வகுத்த எல்லை. கருனியின் துணைகொண்டு இயங்கும் புற நிரல்கள், கருனியோடு பேசுதற்குரிய எண்களையும் கட்டமைப்புக்களையும் அறிதல் வேண்டும். அவற்றைக் கூறும் தலைப்புக் கோப்புக்களிலேயே கருனியார் தம் அக அறிவிப்புக்களையும் எழுதி, புறத்தார் காணலாகாத பகுதியை ஒரு நிபந்தனைக் குறியால் மறைத்து வந்தனர். 2006ஆம் ஆண்டில், 2.6.18 பதிப்பில், புறத்தார்க்குரிய பகுதியை மட்டும் வடித்தெடுத்துத் தரும் முறை அமைந்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பில், டேவிட் ஹவல்ஸ் என்பாரின் முயற்சியால், புறத்தார்க்குரியன அனைத்தும் ‘யூ.ஏ.பி.ஐ.’ என்னும் தனி அடைவிற்குப் பெயர்க்கப்பெறலாயின.

இப்பெயர்ப்பின் பயன் யாது? கருனியின் அகத்தே எதனையும் மாற்றலாம். மாற்றுவார் அதனை ஆளும் இடங்கள் யாவற்றையும் உடன் திருத்திவிடுவர். புறத்தார்க்கு அளித்ததோ வாக்குறுதி. உலகெங்கும் முன்னரே தொகுத்து வைத்த நிரல்கள் அதனை நம்பி நிற்கின்றன. அங்கு ஓர் எண்ணை மாற்றினும், ஓர் உறுப்பின் அளவை மாற்றினும், அந்நிரல்கள் பழுதுபடும். ஆகவே, திருத்த வருவார் ஒரு வரியின்மேற் கை வைக்குமுன், அவ்வரி மாற்றத்தக்கதா, மாற்றத்தகாத வாக்குறுதியா என அறிதல் வேண்டும். இன்று அவ்வரி உள்ள அடைவின் பெயரே அதனை அவர்க்கு உணர்த்திவிடுகின்றது.

இவையன்றி, கருனியின் ஒரு பகுதிக்கு மட்டும் உரிய அகக் கோப்புக்களும் உள. நினைவகப் பகுதிக்குரிய ‘இன்டர்னல்’ கோப்பு அப்பகுதியின் அடைவிலேயே உள்ளது. செயலி நேரத்தைப் பகிர்ந்தளிக்கும் பகுதியும் தனக்கென ஓர் அகக் கோப்பை உடையது. பிறர் ஆளத்தகாததைப் பொது இடத்தில் வையாமையே அதனைக் காத்தற்குச் சிறந்த வழி.

4. உருவும் தொழிலும்

வைக்கும் இடம் செம்மையாயினும், ஒரு தலைப்புக் கோப்பு மற்றொன்றை அழைக்கும் கட்டாயம் நீங்குவதில்லை. அக்கட்டாயம் எப்போது நேர்கின்றது என்பதை ஆராய்வாம்.

ஒரு கட்டமைப்பின் உறுப்பாக மற்றொரு கட்டமைப்பு இரு வகையால் அமையலாம். அதன் முகவரியை மட்டும் கொண்டிருத்தல் ஒரு வகை. இதனைச் சுட்டி என்பர். அதனையே முழுமையாகத் தன்னுள் கொண்டிருத்தல் மற்றொரு வகை. ஒருவர் வீட்டு முகவரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள, அவ்வீட்டின் நீள அகலம் அறிய வேண்டுவதில்லை. அவ்வீட்டை நம் மனைக்குள் எழுப்ப வேண்டுமாயின், அதன் அளவு தெரிந்தே ஆகவேண்டும். அங்ஙனமே, சுட்டிக்குப் பெயரறிவிப்பு ஒன்றே போதும். முழு உறுப்பிற்கு வரையறை வேண்டும். வரையறை வேண்டின் அதற்குரிய தலைப்புக் கோப்பை அழைத்தல் வேண்டும்.

கருனியில் ஓடும் பணி ஒவ்வொன்றையும் குறிக்கும் கட்டமைப்பு ‘டாஸ்க்’ என்பது. இதன் வரையறை ‘ஸ்கெட்’ என்னும் தலைப்புக் கோப்பில் உள்ளது. பூட்டுக்கள், வரிசைகள், காலக்கணிப்பான்கள் எனக் கருனியின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் தத்தம் பொருளை இப்பணிக் கட்டமைப்பினுள் முழு உறுப்பாக வைத்துள்ளன. ஆதலின் ‘ஸ்கெட்’ கோப்பு அவை எல்லாவற்றின் அளவையும் அறிய வேண்டியதாயிற்று. பணியைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டிய நிரல்கள் யாவும் ‘ஸ்கெட்’ கோப்பை அழைக்கின்றன. தான் பலவற்றை அழைத்துப் பலரால் அழைக்கப்பெறும் அக்கோப்பு, நாற்சந்திபோல் ஆயிற்று.

இதனினும் கொடியது சுழற்சி. முதற்கோப்பு இரண்டாவதையும், இரண்டாவது முதலாவதையும் அழைக்குமாயின், முன் கூறிய காவல் இரண்டாம் வருகையை வெறுமையாக்கிவிடும். அப்போது, வேண்டிய வரையறை இன்னும் வாராதிருக்கவே, தொகுப்பி பிழை காட்டும். எக்கோப்பை முதலில் அழைத்தோம் என்பதைப் பொறுத்து அப்பிழை தோன்றியும் தோன்றாமலும் போவதால், காரணம் அறிதல் எளிதன்று.

இச்சுழற்சியை அவிழ்க்கக் கருனியார் கண்ட வழி, உருவையும் தொழிலையும் பிரித்து வைத்தல். சுழற்பூட்டு என்னும் பூட்டின் வடிவம் ஒரு ‘டைப்ஸ்’ கோப்பிலும், அதனைப் பூட்டுதல் திறத்தல் ஆகிய தொழில்கள் வேறொரு கோப்பிலும் உள்ளன. பூட்டைத் தன்னுள் உறுப்பாகக் கொள்ளும் கட்டமைப்பிற்கு உருவம் போதும்; பூட்டித் திறக்கும் நிரலுக்கே தொழில் வேண்டும். உருவக் கோப்புக்கள் உருவக் கோப்புக்களை மட்டுமே அழைக்கும் என்னும் ஒழுங்கைப் போற்றின், சுழற்சி தோன்றுதற்கு இடமில்லை.

இவ்வொழுங்கைக் குலைப்பது பெரும்பாலும் இன்லைன் செயற்கூறு. அழைக்குமிடத்திலேயே விரித்து வைத்தலால் ஓட்டம் விரைவுபடும் என்பது உண்மை. கருனியில் விரைவு இன்றியமையாதது என்பதும் உண்மை. ஆயினும் அதன் உடல் தலைப்புக் கோப்பில் நிற்றலால், அவ்வுடலுக்கு வேண்டியன யாவும் அக்கோப்பிற்கும் வேண்டியனவாகின்றன. ஓட்டத்திற் பெறும் விரைவுக்குத் தொகுப்பிற் செலுத்தும் விலை இது. எவ்விடத்து அவ்விலை தகும், எவ்விடத்துத் தகாது என ஆய்ந்து துணிதலே நிரலாளர் கடன்.

5. மறைந்து நின்ற சார்பு

குன்றக் கூறல் மறைந்து நிற்கும் என்றோம். அது வெளிப்படும்போது நேரும் இடரை 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும்.

நினைவகத்திலிருந்து சிறு பகுதிகளைப் பெறுதற்குரிய அறிவிப்புக்கள் ‘ஸ்லாப்’ என்னும் தலைப்புக் கோப்பில் உள்ளன. செயலிதோறும் தனித்தனியே வைக்கும் தரவைப் பற்றியது ‘பெர்சிபியூ’ என்னும் கோப்பு. ஒரே செயலியுள்ள கணினிகளுக்கென எழுதிய சிறு இன்லைன் செயற்கூறு நினைவகம் பெறும் தொழிலை ஆண்டமையால், ‘பெர்சிபியூ’ கோப்பு ‘ஸ்லாப்’ கோப்பை அழைத்தது. ‘பெர்சிபியூ’ கோப்பையோ ‘ஸ்கெட்’ முதலிய பெருங்கோப்புக்கள் அழைத்தன. இதன் விளைவாக, கருனியின் பெரும்பாலான நிரற்கோப்புக்களில், எவரும் அழையாமலே ‘ஸ்லாப்’ வந்து நின்றது. ஆண்டுக்கணக்கில் நிரலாளர் அதனை அழையாமலே ஆண்டனர். ஒருவர்க்கும் குறை தோன்றவில்லை.

‘பெர்சிபியூ’ பகுதியைத் திருத்திவந்த டீஜுன் ஹியோ என்பார், இவ்வழைப்பை நீக்க முற்பட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு வரியை நீக்கினால் எண்ணிறந்த கோப்புக்கள் தொகுக்கப்பெறாமற் போகும். ஆதலின் முதற்கண், ‘ஸ்லாப்’ கோப்பின் பொருளை ஆளும் கோப்புக்கள் யாவும் அதனை நேரே அழைக்குமாறு செய்தல் வேண்டியதாயிற்று. மனிதர் கையால் முடியாத இப்பணிக்கென அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். அது 4,000க்குச் சற்று மேற்பட்ட கோப்புக்களை மாற்றி, ஏறத்தாழ 3,000 இடங்களில் ‘ஸ்லாப்’ அழைப்பைப் புதிதாகச் சேர்த்தது. அந்நிரலால் முடிவு செய்ய இயலாத ஏறத்தாழ 400 கோப்புக்கள் தனியே ஆராயப்பெற்றன. பின்னர்ப் பல செயலி வகைகளுக்கும் தொகுத்துச் சோதிக்கப்பெற்றது.

பல செயலிகளுக்கும் சோதித்தல் ஏன் எனின், மறைந்த சார்பு செயலிக்குச் செயலி வேறுபடும். ஒரு செயலியின் ஏ.எஸ்.எம். கோப்பு வழியாக வந்து சேரும் அறிவிப்பு, மற்றொரு செயலியில் வாராது. தம் கணினியிற் பிழையின்றித் தொகுத்த நிரல், தாம் கண்டிராத கணினியிற் பழுதுபடும். எழுதியவர் அதனை அறியமாட்டார். ஆதலின், ஒரு வசதியை ஆள்வோர் அதனை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைத் தாமே அழைத்தல் வேண்டும், பிறிதொன்று அதனைக் கொணரும் என நம்பியிருத்தல் ஆகாது என்பதைக் கருனியின் வழிகாட்டிக் குறிப்புக்கள் ஒரு விதியாகவே கூறுகின்றன.

இவ்விதியை ஒட்டி நிகழ்ந்த மற்றொரு சீர்திருத்தம், 2012ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 3.2 பதிப்பில் இடம்பெற்றது. ஒரு செயற்கூற்றின் பெயரைக் கருனித் துணைநிரல்கள் ஆளுமாறு வெளியிடும் குறி, ‘மாட்யூல்’ என்னும் பெரிய கோப்பினுள் இருந்தது. அக்குறி ஒன்றற்காகவே பலர் அப்பெருங்கோப்பை அழைத்தனர். பால் கோர்ட்மேக்கர் என்பார் அதனைப் பிரித்து ‘எக்ஸ்போர்ட்’ என்னும் சிறு கோப்பாக்கினார்.

6. பெருங்கோப்புக்களைப் பகுத்தல்

முதற்பதிப்பிலேயே தோன்றிய கோப்புக்கள் ‘ஸ்கெட்’, ‘கெர்னல்’ என்னும் இரண்டும். அன்று ‘கெர்னல்’ கோப்பில் இருந்தவை பலரும் ஆளும் ஒரு சில செயற்கூறுகளின் அறிவிப்புக்களே. எங்கு வைப்பது எனத் தெளியாத பொருளை எல்லாம் பின்வந்தோர் அதனுள் வைத்தனர். அது கண்டதெல்லாம் போட்டு வைக்கும் பரண் ஆயிற்று. 2020ஆம் ஆண்டில், இரண்டனுள் பெரியது சிறியது காணும் குறிகள் அதினின்று தனிக்கோப்பாகப் பிரிந்தன. உறுப்பைக் கொண்டு அதன் கட்டமைப்பைக் காணும் குறி 2021இல் பிரிந்தது. ‘ஸ்கெட்’ கோப்பின் பல பகுதிகளை இங்கோ மோல்னார் என்பார் 2017ஆம் ஆண்டின் 4.11 பதிப்பில் தனி அடைவொன்றில் பல சிறு கோப்புக்களாக வகுத்தார்.

அவரே 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஓராண்டிற்கு மேற்பட்ட உழைப்பின் பயனாக, 2,200க்கு மேற்பட்ட திருத்தங்கள் அடங்கிய தொகுதி ஒன்றனை வெளியிட்டார். ஏறத்தாழ 10,000 தலைப்புக் கோப்புக்களின் உறவை அது சீர்செய்ய முயன்றது. அதனால் கருனியைத் தொகுக்கும் விரைவு, அமைப்புக்கேற்ப 50 முதல் 80 விழுக்காடு வரை மிகும் என அவர் அறிவித்தார். ஒரு சொல்லும் புதிதாகக் கூறாமல், முன்னர்க் கூறியவற்றை முறைப்படுத்தி வைத்தமையால் மட்டும் விளைந்த பயன் இது. அதனை ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதல் கருனியார்க்கு இயலவில்லை. சில பகுதிகளே ஏற்கப்பெற்றன. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 6.8 பதிப்பில், உருவக் கோப்புக்களைப் பிரித்து ‘ஸ்கெட்’ கோப்பின் சார்புகளைக் குறைக்கும் பணி மேலும் ஒரு படி சென்றது.

7. தடையும் விடையும்

நன்மை இத்துணை வெளிப்படையாயின், முழுச்சீர்திருத்தத்தை ஏன் ஒரே நாளிற் செய்துவிடலாகாது என வினவலாம். அதற்குத் தடைகள் உள. பல்லாயிரம் கோப்புக்களை ஒருங்கே தொடும் திருத்தம், அதே காலத்துப் பிறர் எழுதிக்கொண்டிருக்கும் திருத்தங்களோடு முட்டும். பழைய பதிப்புக்களைக் காத்துவருவோர், புதிய பிழைநீக்கத்தைப் பழையதனுள் பொருத்தும் வேலை கடினமாகும். கோப்புக்கள் மிகச் சிறியனவாயின், வேண்டியது எதனுள் உள்ளது எனத் தேடுதலும் தொல்லையே.

விதியை இயந்திரத்தால் நிலைநாட்ட முயன்ற முயற்சியும் ஒருகால் தோல்வியுற்றது. 2019ஆம் ஆண்டில், ஒவ்வொரு தலைப்புக் கோப்பும் தன்னந்தனியே தொகுக்கத்தக்கதா எனச் சோதிக்கும் ஏற்பாடு கருனியிற் சேர்க்கப்பெற்றது. மற்றொரு கோப்பின் வழியாக மட்டுமே அழைக்கத்தக்க கோப்புக்கள் பல உண்மையின், விலக்குகள் பெருகின. அவ்வாண்டு முடியுமுன்னரே அவ்வேற்பாட்டை நீக்குதற்குரிய திருத்தம் எழுதப்பெற்றது. புறத்தார்க்குரிய தலைப்புக் கோப்புக்களுக்கு மட்டும் அத்தகைய சோதனை நிலைபெற்றது. வாக்குறுதி உள்ள இடத்தில் கண்டிப்பும், அகத்தே நெகிழ்ச்சியும் கொண்ட இம்முடிவு பொருத்தமுடையதே என்பது எம் கருத்து.

இத்தடைகளால் விதி பொய்யாதல் இல்லை. அவை உணர்த்துவது, காலந்தாழ்த்தின் விலை மிகும் என்பதே. ‘ஸ்லாப்’ அழைப்பை எழுதுவோர் அன்றன்றே எழுதியிருப்பின் ஒவ்வொருவர்க்கும் வேண்டியது ஒரு வரி. எழுதாது விட்டமையால், ஒருவர் நாலாயிரம் கோப்புக்களைத் தொட நேர்ந்தது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன நான்கு. தலைப்புக் கோப்பு யார்க்கு உரியதோ அவர் எல்லைக்குள் அதனை வைத்தல் வேண்டும். உருவையும் தொழிலையும் பிரித்தல் வேண்டும். பெயரறிவிப்புப் போதிய இடத்தில் வரையறையை அழைத்தல் ஆகாது. ஒவ்வொரு கோப்பும் தான் ஆள்வதைத் தானே அழைத்தல் வேண்டும். இவற்றுள் நான்காவதே தலையாயது. ஏனைய மூன்றையும் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். நான்காவது தவறின், திருத்துதற்குரிய உரிமையே குறுகிவிடும். தனக்குத் தொடர்பில்லாத ஒரு கோப்பு தன்னை அறியாமல் நம்பி நிற்குமாயின், எந்தப் பகுதியும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ள இயலாது.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பு முதல், கருனியில் ரஸ்ட் என்னும் வேறொரு நிரல்மொழிக்கும் இடமுண்டு. அம்மொழியில் எழுதுவோர்க்கு வேண்டிய அறிவிப்புக்களை, சி மொழியின் தலைப்புக் கோப்புக்களினின்றே ஒரு கருவி வடித்தெடுக்கின்றது. உருவங்களையும் அறிவிப்புக்களையும் அது எளிதில் அறிகின்றது. இன்லைன் செயற்கூறுகளையும் சிக்கலான மேக்ரோக்களையும் அறிய இயலாமையால், அவற்றிற்கெனத் துணைச்செயற்கூறுகள் தனியே எழுதப்பெறுகின்றன. 1991இல் ஒரு மொழியின் ஒரு தொகுப்பிக்கென எழுதத் தொடங்கிய கோப்புக்களை, அன்று இல்லாத மொழியொன்று இன்று படிக்கின்றது. தன் சார்பை வெளிப்படக் கூறி, உருவைத் தெளிவாக வைத்த கோப்பே இப்புதிய வாசகர்க்கும் பயன்படுகின்றது.